கப்பல் முழுக்க வெள்ளை உடுத்திய நாள்

கப்பலில் இன்றைக்கு என்ன உடுத்துவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, கப்பல்தான் முடிவு செய்கிறது. தினம் காலையில் கதவில் ஒரு தாள் செருகியிருப்பார்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு, பாட்டுக் கச்சேரி எங்கே, சாயங்காலத்துக்கு எந்த மாதிரித் துணி என்றெல்லாம் அதில் அச்சடித்திருக்கும். எல்லாம் இங்கிலீசு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் மகள் செல்வி பன்னிரண்டாவது வரை போனவள்தான், ஆனால் அந்த நாட்களில் அவள் எந்தத் தாளையும் கையில் எடுக்கவில்லை. மகன் குமார் வந்து படித்துச் சொன்னால்தான் எங்களுக்குச் சேதி தெரியும்.

நாங்கள் போனது சுற்றிப் பார்க்க அல்ல. செல்வியின் வீட்டுக்காரர் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் வண்டியில் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. அவளுக்கு முப்பத்தெட்டு வயசு, பிள்ளை இல்லை. நல்லம்பள்ளியில் அவர்கள் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நானே கூட்டி வந்து வைத்திருந்தேன். வேலை செய்வாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். பேச மாட்டாள். அழவும் மாட்டாள். வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தாள்.

இந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் வெள்ளை உடுத்துவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீடு வேறு. இருபத்திரண்டு வருசமாக நான் வெள்ளை. என்னைப் பார்த்து ஊரில் ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை. என் மகளையும் யாரும் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புது வெள்ளைச் சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்குக் கோடி போடுவது என்று பெயர். கூடப் பிறந்தவன் கொண்டுபோவதுதான் முறை. சாவு விழுந்த அன்றைக்குள் குமார் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர முடியவில்லை. ஆகையால் நானே கொண்டுபோனேன். நானே அவளுக்கு உடுத்தியும் விட்டேன்.

குமார் அதைப் பொறுக்கவில்லை. போன் போடும்போதெல்லாம் இதே பேச்சு.

"அக்காவ இங்க கூட்டியாம்மா. அந்த வெள்ளையில இருந்து நா அவள வெளிய கொண்டாரன்."

"வருசம் திரும்பல. திரும்பினாலும் நீ சொல்றது ஆவாது."

"நேர்ல வா, பேசிக்கலாம்."

இப்படித்தான் போனோம். அவன் ஒரு எண்ணத்தோடு கூப்பிட்டான், நான் ஒரு எண்ணத்தோடு கிளம்பினேன். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் ஏறிக் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு அங்கேயே திரும்புகிற கப்பலுக்குக் குமார் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான், நாங்கள் மூன்று பேரும் நாலு நாள் அதில் இருந்தோம்.

முதல் நாள் ஏறினதும் எனக்குத் தலை சுற்றியது. அது கப்பல் ஆடியதால் அல்ல, ஆடவே இல்லை. தர்மபுரி பெரியாஸ்பத்திரியை ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது, அது எப்படித் தண்ணீரில் நிற்கிறது என்றுதான் மலைத்துப் போனேன். மேலே போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர். எங்கள் காட்டில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது. இவ்வளவு தண்ணீரும் உப்பு என்று குமார் சொன்னபோது யாரையோ திட்ட வேண்டும் போல் இருந்தது.

தூங்குகிற அறைகள் எல்லாம் ஒரே மாதிரி. நீட்டமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள். லிப்டில் நம்பர் தவறி அமுக்கிவிட்டு வேறு மாடியில் இறங்கி அரை மணி நேரம் நடந்தேன். எந்தக் கதவைத் தட்டினாலும் யாரோ வெள்ளைக்காரர் தலையை நீட்டினார். கடைசியில் ஒரு சீனத்து அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் கதவுக்கு முன்னால் விட்டாள். அவள் அறை எங்களுக்கு நேர் எதிர் அறை. வயசு என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவள் வீட்டுக்காரர் தடி ஊன்றிக்கொண்டு பின்னாலேயே மெதுவாக வந்தார். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார், அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். என்ன சொன்னாரோ. எங்கள் ஊர்க் கிழவர்களும் இப்படித்தான், புதுப் பொம்பளையைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

சாப்பாடு மேல் மாடியில். வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். நண்டு, இறால், பச்சை மீன், கேக்கு என்று மலை மலையாக வைத்திருந்தார்கள். சோறும் தயிரும் கண்டுபிடிக்க ஒரு சுற்றுச் சுற்றினேன். தயிரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். செல்வி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். ஒரு உருண்டை ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தால் இந்த மலையெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அறையைப் பெருக்கித் துடைக்க வருகிறவன் மஞ்சுநாத். மைசூர்ப் பக்கத்துக்காரன், கருத்த நல்ல பிள்ளை, ஊரில் இரண்டு குழந்தை இருக்கிறது என்றான். என் அம்மா பிறந்த ஊர் எல்லை ஓரம், எனக்குக் கன்னடம் வரும். முதல் வார்த்தை பேசினதுமே என்னை அஜ்ஜி, பாட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். "எட்டு மாசமாச்சு அஜ்ஜி, வீட்டுப் பேச்சு பேசி," என்று கன்னடத்தில் சொன்னான்.

இரண்டாம் நாள் காலையில் குமார் தாளைப் படித்தான்.

"இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒசத்தியான துணிதான் போடணும்மா. ஆம்பளைங்க கோட்டு, பொம்பளைங்க நீளக் கவுனு. நம்மாளுங்கன்னா பட்டுச் சேலை."

"போடலைன்னா என்னா பண்ணுவாங்க?"

"பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள வுட மாட்டாங்க. மேல போயித் தட்டேந்திக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"அப்ப நா தட்டேந்தறன், போ."

"உனக்கென்ன, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளச் சேல. கப்பல் கேப்டனே உன்னப் பாத்தா எந்திரிச்சி நிப்பான்."

கேலி செய்கிற மாதிரி பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். அரக்கு நிறத்தில் பட்டுச் சேலை. அக்காவுக்கு என்று கட்டிலில் வைத்தான். செல்வி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். நான் மறுப்பேன் என்று குமார் என் முகத்தையே பார்த்தபடி நின்றான். போகட்டும், உள்ளே போய் அவளே வைத்துவிட்டு வருவாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

உடுத்திக்கொண்டு வந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் முகம் முகமாக இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் என் வயிற்றில் பிறந்த பெண் அவள்தான் என்று தெரிந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பயம் வந்தால் எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும்.

"அவரு படத்துக்குப் போட்ட மால இன்னும் காயல. அதுக்குள்ள பட்டு கேக்குதா?"

"ம்மா!" என்றான் குமார்.

செல்வி திரும்பி உள்ளே போய் வெள்ளை கட்டிக்கொண்டு வந்தாள். பட்டை நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் லிப்டில் எதிர் அறைக்காரர்களும் ஏறினார்கள். பெரியவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு வைத்திருந்தார். அது கோணிக்கொண்டே இருந்தது, அவள் நிமிர்த்திக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிவப்பில் கால் வரைக்கும் கவுன், மின்னிக்கொண்டு இருந்தது. என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"இந்தக் கப்பல்லயே நீதான் மரியாதையா உடுத்தியிருக்கியாம்," என்றான் குமார்.

எனக்குப் பெருமைதான். இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

பெரியவர் செல்வியைக் காட்டி ஒன்று கேட்டார். குமார் முகம் மாறி லிப்ட் நம்பரைப் பார்த்தான். "என்னடா கேக்கறாரு?" என்று செல்வியே கேட்டாள்.

"வெள்ள கட்டியிருக்கியே, நீ கல்யாணப் பொண்ணான்னு கேக்கறாரு. அவங்கள்ள பொண்ணுக்கு வெள்ளக் கவுனு போடுவாங்க, அதனால..."

செல்வி சிரித்தாள். பதினோரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. கேட்க நன்றாக இல்லை.

"ஆமான்னு சொல்லுடா," என்றாள்.

அவன் என்ன சொன்னானோ, கிழவர் கை தட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு ஆள் அரை டவுசரோடு வந்தார். நல்ல ஆகிருதியான வெள்ளைக்காரர். வாசலில் நின்ற பெண் சிரித்த முகம் மாறாமலே அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவரும் சண்டை போடாமல் போனார். எனக்கு அது பிடித்திருந்தது. உட்கார்ந்ததும் குமாரிடம் சொன்னேன்.

"பாத்தியா, இவ்வளவு படிச்ச சனம். இங்கயும் யாரு எப்ப என்ன உடுத்தணும்னு ஒரு ஒழுங்கு வச்சிருக்கறாங்க. நம்ம ஒழுங்கு மட்டும்தான் உனக்குக் கசக்குதா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இங்க அந்த ஒழுங்கு ஒரு ராத்திரிக்குத்தாம்மா. காலையில அந்த டவுசர்க்காரன் அதே டவுசரோட காப்பி குடிப்பான். நீ அக்காவுக்கு ஆயுசுக்கும் போட்டுட்ட."

செல்வி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு முழுக் கோழியை வெட்டாமல் கொண்டுவந்து வைத்தார்கள். அதை யாரும் தொடவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் எதிர்க் கதவில் நடமாட்டம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் மாதிரி ஒருவர் வெளியே வந்தார். பின்னாலேயே சக்கரம் வைத்த கட்டிலில் தலை முதல் கால் வரை போர்த்தி நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சத்தம் இல்லை. சக்கரத்துக்குக்கூட எண்ணெய் போட்டிருந்தார்கள் போல.

மஞ்சுநாத் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கன்னடத்தில் சொன்னான். "தாத்தா போய்விட்டார் அஜ்ஜி. சாப்பிட்டு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர்தானாம். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. கீழே குளிர் அறை இருக்கிறது, கரை சேரும் வரை அங்கேதான் வைப்பார்கள்."

"அந்த அம்மா?"

"உள்ளே. மகன் துறைமுகத்துக்கு வருவாராம்."

செல்வியிடம் சொன்னேன். நேற்று அவளைக் கல்யாணப் பெண்ணா என்று கேட்டவர். அவள் எழுந்து வந்து எதிர்க் கதவைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றாள். கப்பல் உடுப்புப் போட்ட ஒரு பெண் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள். நான் போகப் பார்த்தேன். பிறகு வாருங்கள் என்று கையால் சாடை காட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குமாரிடம் ஓடினால் அவனுக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. அன்றைக்குத்தான் கப்பல் ஆடியது. எனக்கும் செல்விக்கும் ஒன்றும் செய்யவில்லை, பத்து வருசமாகச் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை செய்கிறவன் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய தாள் எங்கள் கதவில் செருகினபடியே இருந்தது.

எதிர் வீட்டில் சாவு விழுந்திருந்தால், எடுக்கிற வரைக்கும் எங்கள் ஊரில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம். இங்கே அடுப்பு நம்முடையது இல்லை, வாய் நம்முடையதுதானே. நானும் செல்வியும் மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. மஞ்சுநாத் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்தான், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பொழுது இறங்குகிற நேரத்தில் நடையில் ஆள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு குடும்பம் முழுக்க வெள்ளை. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம், அதுவும் வெள்ளை. கைக்குழந்தைக்குக்கூட வெள்ளைச் சட்டை. நேற்று டவுசரோடு வந்தவரும் வெள்ளைப் பேண்டு, வெள்ளைச் சட்டையோடு போனார்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்றானே, எப்படியோ சேதி பரவிவிட்டது என்று நினைத்தேன். பெயர் தெரியாத ஒரு கிழவருக்காக ஒரு கப்பல் சனமும் வெள்ளை உடுத்துகிறதே, எங்கள் ஊரில்கூடப் பங்காளி அல்லாதவன் இப்படிச் செய்வானா?

"செல்வி, கெளம்பு. எல்லாரும் போறாங்க. நாம எதிர் வூட்டுக்காரங்க, நாம போவலன்னா நல்லாருக்காது."

"நீ போ. நா அப்புறம் வரன்."

தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவைத்த வெள்ளை உடுத்திப் போனேன். எங்கே என்று யாரையும் கேட்கவில்லை, வெள்ளை போகிற பக்கம் போனேன். மேல்தளத்தில் ஆயிரம் பேருக்குக் குறையாது. எல்லாரும் வெள்ளை. வெள்ளைப் பலூன், வெள்ளைப் பூ. மேளம் முழங்கிக்கொண்டு இருந்தது. ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வயசானவர் செத்தால் தப்பு அடிப்பார்கள், பட்டாசு வெடிப்பார்கள், பேரன்மார் ஆடுவார்கள். அதைக் கல்யாணச் சாவு என்போம். இவர்களுக்கும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்த்தி வைத்திருப்பார்களே, அந்த அம்மா எங்கே என்று தேடினேன்.

நரைத்த கட்டைமுடி, குள்ள உருவம், வெள்ளைக் கவுன். பின்பக்கம் பார்த்தால் அவளேதான். போய்க் கட்டிப் பிடித்தேன். கட்டிப் பிடித்தால் எங்களுக்கு அழுகை தானாக வரும். வாய் விட்டு அழுதேன். அவரைச் சொல்லி அழுதேன், பிறகு செல்வி வீட்டுக்காரரைச் சொல்லி அழுதேன். அந்த அம்மாவும் என்னைக் கட்டிப் பிடித்தாள். பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தாள். அசைத்ததை நான் துக்கம் என்று நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். அவள் வேறு யாரோ. அவளிடம் சாராய வாசம் அடித்தது. என்னோடு ஆடிக்கொண்டு இருந்தாள்.

"ம்மா! என்னா பண்றே நீ?" குமார் வந்து கையைப் பிடித்து இழுத்தான். முகம் வெளிறி, எங்களைத் தேடிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறான்.

"எழவு வூட்டுல என்னா பண்ணுவாங்க?"

"எழவா? யாருக்கு?"

"எதிர் ரூம்புப் பெரியவருக்கு. அதுக்குத்தானே கப்பலே வெள்ள உடுத்தியிருக்குது?"

அவன் அப்படியே பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இது இன்னைக்கு வேசம்மா. நேத்து கோட்டு மாதிரி இன்னைக்கு வெள்ள. தாள்ல போட்டிருக்கும். செத்தது இவங்க யாருக்குமே தெரியாது."

இருபத்திரண்டு வருசமாக நான் உடுத்தி இருப்பதை இவர்கள் ஒரு சாயங்காலத்துக்கு உடுத்தியிருக்கிறார்கள். அவமானத்தில் எனக்குக் காது அடைத்துப் போய்விட்டது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு லிப்ட் வரைக்கும் நடந்தேன். எதிரே வந்தவர்கள் என் சேலையைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

கீழே வந்தால் எங்கள் அறையில் செல்வி இல்லை. எதிர்க் கதவு பாதி திறந்திருந்தது. அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், நேற்றைய சிவப்புக் கவுனோடு. காலையிலிருந்து யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை என்று பிறகு மஞ்சுநாத் சொன்னான். மின்னுகிற அந்தக் கவுனில் அங்கங்கே சுருக்கம் விழுந்திருந்தது. செல்வி கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. செல்வி அழுதுகொண்டிருந்தாள். பதினோரு மாதத்து அழுகை.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மேலே அழுததெல்லாம் ஆள் மாறிப் போய்விட்டது, உண்மையான துக்கம் இங்கே கவனிப்பார் இல்லாமல் இருக்கிறது. பிறந்த வீட்டு ஆள் என்று இவளுக்கு இந்தக் கப்பலில் ஒருத்தரும் இல்லை. எங்கள் அறைக்குப் போய், மடிப்புக் கலையாத என் புது வெள்ளைச் சேலையை எடுத்தேன். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் அறைக்குள் போனேன்.

செல்வி திரும்பிப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அத எடுத்துக்கிட்டு வெளிய போ."

"யாரும் இல்லாத பொம்பளடி. ஒரு கோடி போட ஆளு வேணாமா?"

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டா போடறது? மொறைன்னு ஒண்ணு இருக்குது..."

"அன்னைக்கு நா ஊதாச் சேல கட்டியிருந்தன்." அவள் குரல் உயரவில்லை. "அவரு காலையில வண்டிய எடுக்கறப்ப, இது உனக்கு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் எடுக்கற வரைக்கும் அந்தச் சேலையோட அவரு பக்கத்துல ஒக்காந்திருக்கணும்னு இருந்தன். அவர வூட்டுக்குக் கொண்டாந்து ஒரு மணி நேரம் ஆவல. நீ உருவிட்ட. நா அழ ஆரம்பிக்கறதுக்குள்ள என் துணிதான் எல்லாருக்கும் பெருசாப் போச்சு."

ஏந்தியிருந்த கையை நான் கீழே இறக்கினேன்.

"அந்தச் சேல எங்கம்மா?"

"ஏரிக்கரையில போட்டு எரிச்சிட்டன்."

கதவருகே குமார் வந்து நின்றான். "அதத்தாங்க்கா நானும் சொல்றன். வெள்ள வேணாம். நான் வாங்கியாந்தத கட்டு. யாரு என்னா சொல்றாங்கன்னு நா பாத்துக்கறன்."

"நீ மட்டும் என்னைக் கேட்டியாடா? அம்மா வெள்ள வாங்கியாந்தா, நீ பட்டு வாங்கியாந்த. ரெண்டு பேரும் என் ஒடம்புல போட்டுப் பாக்கறீங்க."

அந்த அம்மா அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து இரண்டு வார்த்தை சொன்னாள். குமார் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அவரு தூங்கறாராம். மெதுவாப் பேசச் சொல்றாங்க."

காலியாக இருந்த அந்த நாற்காலியை மூன்று பேரும் பார்த்தோம். சேலையை முந்தானையால் மூடிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

நாலாம் நாள் கரை சேர்ந்தோம். செல்வி அதுவரை எங்கள் அறைக்கு வரவில்லை. அந்த அம்மாவுக்கு முகம் துடைத்துவிட்டு, தலை சீவிவிட்டு, பாலில்லாத டீயை ஊதி ஊதிக் குடிக்க வைத்தாளாம். துணியைத் தொடவில்லை. மற்ற சனம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்க வரிசையில் நின்றபோது, அவர்களை வேறு வழியாகக் கூட்டிப்போனார்கள். செல்வி கதவு வரைக்கும் கூடப் போனாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அந்தச் சிவப்பைச் சிவப்பாகவே உடுத்திக்கொண்டு, நிமிர்ந்து, கப்பல்காரப் பெண்ணின் கையைப் பிடித்தபடி அவள் இறங்கிப் போனாள். அதைவிடத் துக்கமான ஒரு துணியை நான் பார்த்ததில்லை.

குமார் வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருந்தோம். அவன் பட்டை மறுபடி நீட்டவில்லை. மருமகள் கோவிலுக்குக் கூட்டிப்போனாள், கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். செல்வி எல்லா இடத்துக்கும் வந்தாள். என்னோடு பேச வேண்டியதைப் பேசினாள். தண்ணி வேணுமா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான்.

பெங்களூரில் இறங்கி பஸ் பிடித்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பாப்பாரப்பட்டி பஸ் நிற்கிற இடத்துக்கு நான் நடந்தேன். பின்னால் அவள் வரவில்லை. திரும்பினால் அவள் தன் பையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"நா நல்லம்பள்ளி பஸ்ஸுக்குப் போறன்."

"அங்க யாருடி இருக்காங்க? வூடு பூட்டிக் கெடக்குது."

"சாவி எங்கிட்டத்தான் இருக்குது."

"தனியா ஒரு பொம்பள... நாளைக்கு நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். நீ வெய்யில்ல நிக்காத, பஸ்ஸு வந்திடுச்சி பாரு, ஏறி ஒக்காரு."

கண்டக்டர் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் எதிர்ப் பக்க பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவள் வீட்டுக்காரருக்கு வருசத் திதி வந்தது. பிறந்த வீட்டிலிருந்து போய் நிற்க வேண்டும். வா என்று அவள் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கூப்பிடாத இடத்துக்கு நான் இதுவரை போனதில்லை. முடித்துவிட்டேன் என்று குமாருக்குப் போன் செய்தாளாம், அவன் எனக்குச் சொன்னான். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலைக்குப் போகிறாளாம்.

நல்லம்பள்ளிப் பக்கத்துச் சனம் சந்தைக்கு வரும்போது என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். செல்வியப் பாத்தமுங்க, நல்லா இருக்குதுங்க என்பார்கள். மழை உண்டா, தக்காளி என்ன விலை போகுது என்று கேட்பேன். அவர்களும் நின்று பதில் சொல்வார்கள். அவள் இப்போது என்ன உடுத்துகிறாள் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுவார்கள். நான் கேட்பதில்லை.